படுக்கைக்குக் கீழே தொங்கிய பை

அப்பாவுக்கு ரத்தம் கசிவது நின்றுவிட்டது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னபோது காலை ஒன்பதரை மணி இருக்கும். சிறுகுடலின் தொடக்கத்தில் ஒரு புண், அதன் நடுவில் வாய் திறந்து கிடந்த ஒரு ரத்தக்குழாய். எண்டோஸ்கோபி வழியாகவே கிளிப் போட்டு அடைத்துவிட்டார்கள். அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். நான் மாமாவுக்குப் போன் செய்து, "ஆபத்து தாண்டியாச்சு மாமா" என்றேன். பதினான்கு மாதம் ஆகிறது. ரத்தம் நின்றால் ஆபத்தும் நின்றது என்று நான் எவ்வளவு நிச்சயமாக நம்பினேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. ஏனென்றால் அன்று இரவுதான் அப்பாவின் சிறுநீரகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேலையை நிறுத்தின.

அதைவிட உறுத்துவது முந்தைய இரவு நான் சொன்ன ஒரு வார்த்தை. அன்று அப்பா சோர்வாக இருக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். இரண்டு நாளாக மலம் கருப்பாக, தார் மாதிரி போகிறது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். நான் பி.பி. மெஷினை எடுத்து வந்து அவர் கையில் சுற்றினேன். 118/74 என்று காட்டியது. நாடித் துடிப்பு 72. "எல்லாம் நார்மலா இருக்குப்பா, காலையில போய்ப் பார்த்துக்கலாம்" என்றேன். பட்டையைச் சுற்றும்போது அவர் கை சில்லென்று இருந்ததைக் கவனித்தேன். கவனித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டேன். விடிகாலை நான்கு மணிக்குக் குளியலறையில் விழுந்து கிடந்தார்.

இந்தக் கட்டுரை அந்த 118 என்ற எண்ணைப் பற்றியது.

நார்மல் என்று காட்டுவது யார் செலவில்?

வளர்ந்த ஒருவர் உடலில் கிலோவுக்குச் சுமார் 70 மில்லி ரத்தம் இருக்கும். அப்பாவின் எடை 64 கிலோ. அப்படியென்றால் நாலரை லிட்டர். அதில் ஏறக்குறைய 15 சதவீதம், அதாவது 650 மில்லிக்குக் கொஞ்சம் மேல் போனாலும் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. 30 சதவீதம் வரை போனால் நாடி வேகமெடுக்கும், கை கால் குளிரும், சிறுநீர் குறையும். ஆனால் படுத்த நிலையில் பிரஷர் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அது சரியத் தொடங்குவது பொதுவாக அதற்கும் அப்புறம்தான். மருத்துவ மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று இது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இத்தனை ரத்தம் போயும் பிரஷர் எப்படி நிற்கிறது? உடல் சில இடங்களுக்கு வரும் ரத்தத்தைக் குறைத்து, மிச்சத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது. முதலில் தோல். அப்பாவின் கை சில்லிட்டது அதனால்தான். அடுத்து குடல், கல்லீரல், சிறுநீரகம். சாதாரணமாக இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இரண்டு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. எடை என்று பார்த்தால் இரண்டும் சேர்ந்து உடலில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு ரத்தம் வாங்கும் உறுப்பு என்பதால் நெருக்கடியில் உடல் அங்கேயும் கைவைக்கிறது. மெஷின் திரையில் நான் பார்த்த அந்த நல்ல எண்ணுக்கான விலையை அப்பாவின் சிறுநீரகங்கள் அந்த நேரமே கொடுத்துக்கொண்டிருந்தன.

இதை முதலில் புரிந்துகொண்டபோது கோபம்தான் வந்தது, யார் மீது என்று தெரியாத கோபம். வீட்டில் ஒரு மெஷின் இருக்கிறது, அதைப் பார்த்து முடிவெடுக்கிறோம், அது பொய்யும் சொல்லவில்லை. 118 உண்மையிலேயே 118தான். அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை மட்டும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

சரி, நாடியாவது காட்டிக்கொடுத்திருக்க வேண்டாமா? நாடித் துடிப்பை மேல் பிரஷரால் வகுத்துப் பார்க்கும் ஒரு எளிய கணக்கு உண்டு. வழக்கமாக 0.5 முதல் 0.7 வரை வரும். 0.9ஐத் தாண்டினால் உள்ளே ரத்தம் போகிறதோ என்று மருத்துவர்கள் உஷாராவார்கள். பின்னாளில் அப்பாவின் எண்களை அதில் போட்டுப் பார்த்தேன். 72ஐ 118ஆல் வகுத்தால் 0.61. அச்சு அசலான நார்மல். காரணம், அப்பா சாப்பிட்டுவந்த இரண்டு பிரஷர் மாத்திரைகளில் ஒன்று மெட்டோப்ரொலால். இதயத்தை நிதானமாகத் துடிக்கவைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. ரத்தம் குறையும்போது உடல் எழுப்பும் முதல் அபாய மணியே நாடியின் வேகம். அந்த மணியின் நாக்கைப் பல வருடங்களுக்கு முன்பே கட்டிவைத்திருந்தோம்.

மருத்துவமனைக்குப் போனதும் எடுத்த முதல் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8. "ரொம்பக் குறையலையே" என்று அங்கே நின்றிருந்த உறவினர் ஒருவர் சொன்னார், எனக்கும் ஆறுதலாக இருந்தது. அதுவும் ஏமாற்றுகிற எண்தான். ரத்தம் போகும்போது சிவப்பணுவும் நீரும் சேர்ந்தே போகின்றன, அதனால் மிச்சம் இருப்பதன் அடர்த்தி உடனே மாறுவதில்லை. திசுக்களிலிருந்து நீர் குழாய்களுக்குள் வந்து, டிரிப்ஸும் ஏறி, ரத்தம் நீர்த்த பிறகுதான் உண்மையான இழப்பு தெரியும். அன்று மதியம் அது 7.1க்கு வந்தது. உண்மையைச் சொன்ன எண் ஒன்று முதல் அறிக்கையிலேயே இருந்தது. லாக்டேட் 5.8. இரண்டுக்குள் இருக்க வேண்டியது. திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல், செல்கள் வேறு வழியில் சக்தி தயாரிக்கத் தொடங்கினால் ஏறும் எண் அது. அந்தத் தாளை நான் கையில் வைத்திருந்தேன். அந்த வரியைக் கண் தாண்டிப் போய்விட்டது.

இரவு இரண்டு மணி

அந்த ஐ.சி.யூ. கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அப்பாவின் கட்டில் அதற்கு நேர் எதிரே. நாங்கள் மாறி மாறி அதன் வழியாக எட்டிப் பார்ப்போம். தலைமாட்டில் மானிட்டர், பச்சைக் கோடு, எண்கள். எல்லாருடைய கண்ணும் அங்கேதான் போகும். எனக்கும் அப்படித்தான். ஆனால் அன்று இரவுப் பணிக்கு வந்த சிஸ்டர் மட்டும் ஒவ்வொரு மணிக்கும் வந்து, மானிட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் குனிவார். கீழே தொங்கிய யூரின் பையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அளவு பார்த்து, எழுந்து ஒரு தாளில் குறித்துக்கொள்வார். பத்து மணிக்குக் குனிந்தார். பதினோரு மணிக்கு. பன்னிரண்டு மணிக்குக் குனிந்தவர் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். ஒரு மணிக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்தே இருந்தார்.

இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்து ஓடினேன். கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, அப்பாவுக்கு வீட்டுல வழக்கமா பிரஷர் எவ்வளவு இருக்கும்?"

"150 பக்கம் இருக்கும் சிஸ்டர். மாத்திரை போட்டும் 140க்குக் கீழ வந்ததே இல்ல."

அவர் திரும்பி மானிட்டரைப் பார்த்தார். 108/62. அப்புறம் என்னைப் பார்த்தார். "சரி, நீங்க உட்காருங்க, நான் டாக்டர்கிட்ட பேசிடுறேன்" என்று உள்ளே போனார்.

நான் உட்காரவில்லை. அந்த இடத்திலேயே நின்றேன். 150 என்று என் வாயாலேயே சொன்ன அந்த நொடியில்தான் முந்தைய இரவின் 118 எனக்குப் புரிந்தது. வேறு யாருக்கோ நார்மலான எண்ணை அப்பாவுக்கு நார்மல் என்று சொல்லியிருக்கிறேன். வழக்கமான அளவிலிருந்து முப்பதுக்கும் மேல் சரிந்திருந்தது, அதுவும் நாடி எழும்ப முடியாத நிலையில். தினமும் அவருக்குப் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதிவைத்தவனே நான்தான். அந்த நோட்டு மெஷினுக்குப் பக்கத்திலேயே இருந்தது. முந்தைய பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதும்.

டியூட்டி டாக்டர் பத்து நிமிடத்தில் வந்தார். மறுபடியும் ரத்தம் கசிகிறதா என்று முதலில் பார்த்தார், இல்லை. வயிற்றில் ஸ்கேன் வைத்து, இதயத்துக்குப் போகும் பெரிய சிரை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்தார். கொஞ்சம் டிரிப்ஸ் கூட்டினார், பிரஷரைத் தாங்கிப் பிடிக்க நார்அட்ரினலின் குறைந்த அளவில் தொடங்கினார். பிறகு வெளியே வந்து எனக்கு விளக்கினார். அந்த நேரத்தில் அவர் அதைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அந்த அக்கறையை மறக்க மாட்டேன்.

அவர் சொன்னது இது. மேல், கீழ் எண்களை வைத்துக் கணக்கிடும் சராசரி பிரஷர் பொதுவாக 65 இருந்தால் உறுப்புகளுக்குப் போதும் என்பார்கள். அப்பாவுக்கு அப்போது 77 இருந்தது, தாளில் பார்த்தால் தாராளம். ஆனால் பல வருடங்கள் உயர் ரத்த அழுத்தத்தோடு இருந்தவரின் சிறுநீரகம் அந்த உயரத்துக்கே பழகிப்போயிருக்கும். 150/90 என்றால் சராசரி 110. அங்கிருந்து 77க்கு இறங்கினால் வடிகட்டுவதற்கான தள்ளுவிசை அதற்குக் கிடைக்காமல் போகலாம். இதைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 2014இல் வந்திருப்பதைப் பின்னாளில் படித்தேன். கிருமித்தொற்றால் பிரஷர் சரிந்து, உறுப்புகளுக்கு ரத்தம் எட்டாத அதிர்ச்சி நிலைக்குப் போன 776 பேரிடம் பிரான்சில் செய்தது. பிரஷரை உயர்த்தி வைத்ததால் உயிரிழப்பு குறையவில்லை. ஆனால் ஏற்கனவே உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் குறைவு. அது தொற்றைப் பற்றியது, ரத்த இழப்பைப் பற்றியது இல்லை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஆனாலும் அந்த சிஸ்டர் கேட்ட கேள்வி எவ்வளவு சரியான கேள்வி என்பது எனக்கு அதில் தெரிந்தது.

அவர் வைத்திருந்த தாளை மறுநாள் பார்க்க முடிந்தது. பத்து மணிக்கு 30 மில்லி. பதினொன்றுக்கு 22. அப்புறம் 15, 10, 8. கிலோவுக்கு அரை மில்லி வீதம் ஒவ்வொரு மணி நேரத்திலும் 32 மில்லியாவது வர வேண்டும். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் அன்று மாலை ரத்தத்தில் வெறும் 1.4. யாரையும் பதறவைக்கிற எண் இல்லை. கிரியேட்டினின் சிறுநீரகம் அடிபட்ட அன்றே முழுசாக ஏறாது. அது ரத்தத்தில் தேங்கிச் சேர ஒரு நாளாவது வேண்டும். பை சொன்ன சேதியை லேப் சொல்வதற்குள் ஒரு பகலும் ஓர் இரவும் போய்விட்டிருக்கும்.

போர்முனைகள் சொன்னது

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களில் தொடங்கி இன்றுவரை இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். ரத்தம் இழந்தவர்களைக் காப்பாற்றுவதில் மனிதர்கள் கற்றதில் பெரும்பகுதி போர்முனைகளில் கற்றது. முதல் உலகப்போரில் காயம்பட்டவர்கள் அதிர்ச்சி நிலையிலேயே இறந்தார்கள். ரத்தம் ஏற்றுவது பரவலான பிறகு அந்த முதல் மணிநேரங்களைத் தாண்டிப் பிழைத்தார்கள், ஆனால் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 1952இல் கொரியப் போர்முனைக்கே செயற்கைச் சிறுநீரக இயந்திரத்தைக் கொண்டுபோனார்கள். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் வந்து காயம்பட்டவர்களைச் சீக்கிரம் தூக்கிக்கொண்டு போனது, ரத்தமும் டிரிப்ஸும் தாராளமாக ஏற்றினார்கள். சிறுநீரகம் தப்பியது. இரண்டு மூன்று நாள் கழித்து நுரையீரல் நீர் கோத்து விறைத்துப்போனது. வியட்நாமின் தா நாங் ஊரின் பெயரால் அதற்கு 'தா நாங் நுரையீரல்' என்று அங்கே பெயரே வைத்தார்கள். 1970களில் ஒன்றன் பின் ஒன்றாக எல்லா உறுப்புகளும் அணைந்துபோவதைத் தனி நோய்நிலையாகவே எழுதத் தொடங்கினார்கள்.

ஒவ்வொரு முறையும் ஒருவரைக் கொஞ்சம் அதிக நேரம் உயிரோடு வைத்திருக்கக் கற்றபோது, அதுவரை கண்ணுக்குத் தெரியாமலிருந்த அடுத்த உறுப்பின் சேதம் வெளியே வந்தது. அப்பாவுக்கும் இது சின்ன அளவில் நடந்தது. இரண்டாம் நாள் கல்லீரல் நொதிகள் ஆயிரத்தைத் தாண்டி ஏறி, அதே வேகத்தில் இறங்கின.

ரத்தம் திரும்பி வந்ததும் சேதம் நிற்கத்தானே வேண்டும் என்று நானும் நினைத்தேன். நிற்பதில்லை. ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. உடைந்து, அதன் கழிவுகள் உள்ளே தேங்குகின்றன. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் குவிகிறது. ஆக்சிஜன் திரும்ப வந்த முதல் சில நிமிடங்களில் அந்தக் குவியல் அத்தனையும் ஒரே மூச்சில் எரிகிறது, அதில் பிறக்கும் வீரியம் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்லின் சவ்வையே அரிக்கின்றன. எலிகளில் இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 2014இல் வெளியானது. கூடவே வெள்ளையணுக்கள் ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒட்டி நுண்குழாய்களை அடைக்கின்றன. பெரிய குழாயில் பிரஷர் நன்றாக ஓடும்போதே உள்ளே சின்னக் குழாய்களுக்கு ரத்தம் எட்டாமல் இருக்கலாம். இதற்கெல்லாம் முதல் பலி சிறுநீரகத்தின் உள்பகுதி. நல்ல நாளிலேயே மிகக் குறைந்த ஆக்சிஜனில் கடுமையாக உழைக்கும் இடம் அது.

மாமாவின் கேள்விகள்

மூன்றாம் நாள் கிரியேட்டினின் 4.1. மாமா பொறுமை இழந்துவிட்டார். "யூரின் வர்றதுக்கு ஒரு ஊசி போட மாட்டாங்களாடா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், நானும் டாக்டரிடம் கேட்டேன். ஃப்ரூசமைடு என்ற ஊசியைப் போட்டால் பையில் சிறுநீர் வரலாம், பார்க்கிற நமக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் அடிபட்ட சிறுநீரகம் அதனால் சீக்கிரம் குணமாகாது என்றார். நீர் பற்றாக்குறையாக இருக்கிறவருக்குப் போட்டால் கெடுதலும் கூட. ஒரு காலத்தில் சிறுநீரகத்தைக் காப்பாற்ற என்று டோபமைன் என்ற மருந்தைக் குறைந்த அளவில் எல்லா ஐ.சி.யூ.விலும் ஓடவிட்டார்களாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் 328 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து 2000இல் வெளியிட்டபோது மருந்தில்லாத வெற்றுத் திரவத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ரத்தத்துக்குப் பதிலாக அளவை நிரப்ப ஏற்றிய ஸ்டார்ச் திரவங்கள் இன்னும் மோசம். 2012இல் வந்த ஆய்வுகளில் அவை ஏற்றப்பட்டவர்களுக்கு டயாலிசிஸ் அதிகமாகத் தேவைப்பட்டது.

மாமாவின் அடுத்த கேள்வி ரத்தம். "ஹீமோகுளோபின் எட்டுதான் இருக்கு, இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்துனா என்ன? நாங்க கொடுக்கத் தயாராத்தானே நிக்கிறோம்." எனக்கும் இதே கோபம் இருந்தது. ஏதோ சிக்கனம் பார்க்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். அது தவறு. இரைப்பை, முன்சிறுகுடல் பகுதியில் ரத்தம் கசிந்த 921 பேரிடம் பார்சிலோனாவில் செய்த ஆய்வு 2013இல் வந்தது. ஒரு பாதிப் பேருக்கு ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம். மறுபாதிக்கு 9க்குக் கீழே போனாலே ரத்தம். ஆறு வாரம் கழித்துக் குறைவாக ஏற்றிய பக்கம் 95 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அதிகமாக ஏற்றிய பக்கம் 91. மறுபடி ரத்தம் கசிந்ததும் குறைவாக ஏற்றியவர்களுக்கே குறைவு. வெள்ளமாகக் கொட்டிக்கொண்டிருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அவர்களுக்கு வேறு கணக்கு. ஆனால் அப்பாவின் நிலையில் இருந்தவர்களுக்கு நம் கை துடித்த அளவு ரத்தம் தேவைப்படவில்லை.

உறைந்த ரத்தம் கரைந்துபோகாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் பற்றி மருந்துக் கடையில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் கேட்டான். விபத்தில் அடிபட்டவர்களுக்கு அது உண்மையிலேயே உயிர் காக்கிறது. 20,211 பேரைச் சேர்த்து நடந்த கிராஷ்-2 ஆய்வு 2010இல் அதைக் காட்டியது, மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். குடல் ரத்தக்கசிவிலும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 12,009 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் உயிரிழப்பு குறையவில்லை, சிரைகளில் ரத்தம் உறைந்து அடைப்பது கூடியது. ஓர் இடத்தில் காப்பாற்றிய மருந்து இன்னோர் இடத்தில் கைகொடுக்காது என்பதைப் படித்தபோது, கூகுளில் தேடிவிட்டு டாக்டரிடம் சண்டைக்குப் போக இருந்த என் வேகம் அடங்கியது.

எந்த உறுப்பையும் காப்பாற்ற நேரடியாக ஒரு மருந்து இன்னும் வரவில்லை. ஆர்க்டிக் பகுதியில் மாதக்கணக்கில் உறங்கும் ஒரு தரை அணில் இருக்கிறது. பெரும் ரத்த இழப்பையும் அதன் உறுப்புகள் அதிகச் சேதமில்லாமல் தாங்குகின்றன, அது எப்படி என்று ஆராய்கிறார்கள். ரத்தம் முழுக்க வடிந்து இதயம் நின்றுபோனவரைப் பத்து, பதினைந்து டிகிரி வரை குளிர்வித்து, அறுவை சிகிச்சைக்கு அவகாசம் வாங்கும் முயற்சி அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்திருக்கிறது. இவற்றைப் படிக்கும்போது மனசு கனத்தும் போகிறது, நம்பிக்கையும் வருகிறது. ஆனால் அப்பாவுக்குக் கிடைத்தது இவை எதுவும் இல்லை. கசிவை அடைத்தார்கள். உடம்பைச் சூடாக வைத்திருந்தார்கள், குளிர்ந்தால் ரத்தம் உறைவதே கெடும். வயிற்றுப் புண்ணுக்கான மருந்து போய்க்கொண்டிருந்தது. சிறுநீரகத்தைத் தொல்லை செய்யும் ஆன்டிபயாடிக், ஸ்கேனுக்கான சாயம் எதையும் கிட்டே விடவில்லை. மணிக்கு மணி ஒருவர் குனிந்து பார்த்தார்.

இன்னொன்றையும் எடுத்துவிட்டார்கள். மூட்டுவலிக்கு அப்பா நான்கு மாதமாகச் சாப்பிட்ட டைக்ளோஃபெனாக். சீட்டு இல்லாமலே வாங்கிய மாத்திரை என்பதால், என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டபோது அதைச் சொல்லவே எனக்குத் தோன்றவில்லை. எண்டோஸ்கோபி செய்தவர் புண்ணைப் பார்த்துவிட்டு நேராகக் கேட்டார், "வலி மாத்திரை எவ்வளவு நாளா?" புண்ணை உண்டாக்கியது அதுதான். அதோடு முடியவில்லை. சிறுநீரகத்தில் வடிகட்டும் முடிச்சு ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். ரத்தம் குறையும்போது உள்ளே வரும் குழாயை ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் அகலமாகத் திறந்து பிடிக்கும். வெளியே போகும் குழாயை ஆஞ்சியோடென்சின் இறுக்கிப் பிடிக்கும். இந்த இரண்டு பிடியால்தான் பிரஷர் குறைந்தும் வடிகட்டல் கொஞ்ச நேரம் ஓடும். வலி மாத்திரை முதல் பிடியைத் தளர்த்துகிறது. அப்பாவின் இரண்டாவது பிரஷர் மாத்திரையான டெல்மிசார்டன் அடுத்த பிடியைத் தளர்த்துகிறது. ரத்தம் போகத் தொடங்கியபோது அப்பாவின் சிறுநீரகத்துக்குப் பற்றிக்கொள்ள இரண்டு பக்கமும் எதுவும் இல்லை. தலைசுற்றல் வந்த அன்று இரவும் அந்த மூன்று மாத்திரைகளையும் தண்ணீரோடு எடுத்துக் கொடுத்தது நான்.

எத்தனையோ வீடுகளில் இந்த மூன்று மாத்திரைகளும் ஒரே டப்பாவில் இருக்கும் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. வலி மாத்திரை தொடர்ந்து சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், அவருடைய டாக்டரிடம் இந்தச் சேர்க்கையைப் பற்றி ஒருமுறை கேளுங்கள். மலம் தார் மாதிரி கருத்து, பிசுபிசுப்பாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, கை சில்லென்று இருக்கிறது என்றால் மெஷினைத் தேடாதீர்கள். ராத்திரி ஆனாலும் கிளம்புங்கள்.

ஐந்தாம் நாள்

ஐந்தாம் நாள் காலை அதே சிஸ்டர் கதவைத் திறந்து, "தம்பி, வந்து பாருங்க" என்றார். டயாலிசிஸுக்குக் கையெழுத்து கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் குனிந்து பையைத் தூக்கிக் காட்டினார். இரவு முழுவதும் சேர்ந்து 600 மில்லி. மானிட்டரில் என்ன எண் இருந்தது என்று எனக்கு நினைவில்லை. அந்தப் பையில் இருந்த வெளிர் மஞ்சள் நிறம் மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்த இரண்டு நாள் மூன்று லிட்டருக்கு மேல் போனது. குணமாகும் சிறுநீரகத்துக்கு முதலில் நீரைப் பிடித்துவைக்கத் தெரியாது என்றார்கள், அதற்கு ஈடாக டிரிப்ஸ் போட்டார்கள். வீட்டுக்கு வரும்போது கிரியேட்டினின் 2.2. மூன்று மாதம் கழித்து 1.5. அதற்குக் கீழே இன்றுவரை வரவில்லை. முன்பு 1.0 இருந்தது.

அந்த அரைப் புள்ளி என் கணக்கில் நான் மெஷினைச் சுற்றிய இரவு ஒன்பது மணிக்கும் அவர் விழுந்த விடிகாலை நாலு மணிக்கும் நடுவில் போனது. டாக்டரிடம் நேராகக் கேட்டேன், அன்று இரவே வந்திருந்தால் தப்பியிருக்குமா என்று. "சீக்கிரம் வந்திருந்தா நல்லதுதான்" என்று மட்டும் சொன்னார். என்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்லவில்லை. அதற்கு நன்றி.

வீட்டுக்கு வந்ததும் பி.பி. மெஷின் பெட்டியின் மூடியில் ஒரு தாளை ஒட்டினேன். "அப்பாவுக்கு வழக்கம் 150. 120 காட்டினால் உடனே கூப்பிடு" என்று எழுதி, கீழே ஆம்புலன்ஸ் எண். அப்பா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "இப்ப மாத்திரை மாத்துனதுக்கு அப்புறம் எனக்கு 135தான்டா" என்றார். பேனாவை எடுத்து 150ஐ அடித்துவிட்டு, அவர் கையாலேயே திருத்தி எழுதினார்.